பிரட்டு மணிக்கும் பள்ளி மணிக்கும் இடையே

பள்ளிக்கூடத்தின் முதல் மணி ஒலிப்பதற்கு நெடுநேரம் முன்பே தோட்டத்தில் பிரட்டு மணி ஒலித்துவிடுகிறது. காலைக் குளிர்ச்சியில்தான் இரப்பர் மரம் நன்றாகப் பால் வடிக்கும். ஆதலால், தாயும் தந்தையும் இருள் பிரியுமுன்னரே வாளியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு நிரைக்குச் சென்றுவிடுகின்றனர். பள்ளியோ ஏறத்தாழ ஏழரை மணிக்குத்தான் தொடங்குகிறது. இவ்விரு மணிகளுக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று தானே எழுந்து, தானே குளித்து, கிடைத்ததை உண்டு, தானே சாலையில் இறங்கி நடக்கிறது.

நகரத்துப் பெற்றோர் தம் பிள்ளையைப் பள்ளி வாயில் வரை கொண்டுவிட்டுத் திரும்புகின்றனர். பால்வெட்டுத் தொழிலாளர் பலருக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே, அவர்கள் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தையும் முதல் நாள் இரவிலேயே, சிலவற்றைப் பள்ளி ஆண்டு பிறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, செய்து முடித்தல் வேண்டும். அவை எவை என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பத்திரங்கள் முதலில்

மலேசியாவில் தொடக்கக் கல்வி 2003-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பள்ளி ஆண்டின் ஜனவரி முதல் நாளில் ஆறு வயது நிறைந்த பிள்ளையைப் பெற்றோர் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும். தவறுவோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பெற்றோரை அச்சுறுத்துவதற்காக இச்சட்டம் இயற்றப்படவில்லை. கல்வி என்பது பிள்ளைக்கு உரிய உடைமை, அதைப் பெற்றோரும் பறிக்கலாகாது என்பதே இதன் கருத்து.

முதலாம் ஆண்டுக்கான பதிவு முந்திய ஆண்டிலேயே இணையத்தின் வழி நடைபெறுகிறது. இணைய வசதி இல்லாதோர் அருகிலுள்ள பள்ளியின் தலைமையாசிரியரை நாடினால் உதவி கிடைக்கும். பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் பெற்றோரின் அடையாள அட்டைகளும் கையில் இருத்தல் வேண்டும்.

இங்கேதான் சில தோட்டக் குடும்பங்கள் இடறி விழுகின்றன. கோயிலில் தாலி கட்டித் திருமணம் முடிந்தது என்று பலர் அமைதியடைந்துவிடுகின்றனர். ஆனால், 1982-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, இந்துக்கள் உள்ளிட்ட முஸ்லிம் அல்லாதார் தம் திருமணத்தைப் பதிவு செய்தல் வேண்டும். பதிவு பெறாத மணத்தில் பிறந்த பிள்ளையின் பத்திரங்களில் பின்னர் பல சிக்கல்கள் தோன்றுகின்றன. பெற்றோரின் பிழை, ஒன்றும் அறியாப் பிள்ளையின் தலையில் விழுகிறது. பிறப்பைப் பதிவு செய்யத் தவறியோரும் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. தாமதப் பதிவுக்குத் தேசியப் பதிவுத் துறையில் வழியுண்டு. பள்ளி வயது வரும்வரை காத்திராமல், பிள்ளை கைக்குழந்தையாய் இருக்கும்போதே இதனை முடித்துக்கொள்வது அறிவுடைமை.

இருட்டில் நடக்கும் பிள்ளை

1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரம் வழங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அதன் பயனாக, ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் பக்கத்தில் காலை ஏழு மணிக்குப் பின்னரே ஞாயிறு எழுகிறது. ஆறே முக்கால் மணிக்குப் புறப்படும் பிள்ளை உண்மையில் இருட்டில்தான் நடக்கிறது. அதே வேளையில் தோட்டச் சாலையில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் விரைகின்றன.

நம் நாட்டில் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஆகையால், நடைபாதை இல்லாத சாலையில் பிள்ளைகள் வலப்புற ஓரமாக, எதிரே வரும் வாகனத்தைக் கண்ணால் காணும்படி நடக்க வேண்டும். பின்னால் வரும் லாரியைப் பிள்ளை காண முடியாது. எதிரே வருவதைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையின்மீது கருநிற மழையங்கி அணிந்துவிட்டால் ஓட்டுநர் கண்ணுக்குப் பிள்ளை தெரியாது. வெளிர் நிற அங்கியே நன்று. ஒரு சிறு கைவிளக்கும் உடனிருத்தல் நலம்.

மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிச் செல்வோர் தலைக்கவசத்தை மறவாதிருக்க வேண்டும். ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்னும் விதி 1973-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. “தோட்டத்துக்குள்தானே, போலீஸ்காரர் எங்கே வரப்போகிறார்?” என்று சிலர் கேட்கின்றனர். தலை தரையில் மோதும்போது, அது தோட்டத்துச் செம்மண்ணா நகரத்துத் தாரா என்று எலும்பு வேறுபாடு பார்ப்பதில்லை. தகப்பனின் பெரிய கவசத்தைப் பிள்ளையின் தலையில் கவிழ்ப்பதும் பயனற்றது. அளவான கவசமும், தாடையின்கீழ் இறுகக் கட்டிய வாருமே காக்கும். பிள்ளையை முன்பக்கம் எண்ணெய்த் தொட்டியின்மேல் அமர்த்துவதும், ஒரே வண்டியில் மூவர் நால்வர் செல்வதும் அறவே கூடாது. மிதிவண்டியின் பின்னால் அமரும் பிள்ளையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்காதபடி மறைப்பு வைத்தலும் வேண்டும்.

வெறும் வயிறு பாடம் கேளாது

பசியோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை கண்ணில் படும். ஆனால் பாடம் மனத்தில் பதியாது. தாய் விடியுமுன் புறப்பட வேண்டியிருப்பதால் காலையுணவை இரவிலேயே திட்டமிட வேண்டும். அவித்த முட்டை, வாழைப்பழம், அவித்த கடலை, காலையில் சுடச்சுட ஊற்றிவைத்த இட்லி ஆகியவை எளியவை, மலிவானவை. தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உணவாகா.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1979-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட துணை உணவுத் திட்டம் பள்ளிகளில் நடைமுறையில் உள்ளது. தகுதியிருந்தும் கூச்சத்தால் கேளாதிருப்போர் உளர். இது பிச்சையன்று. வகுப்பாசிரியரிடம் குடும்பத்தின் வருமான நிலையை மறையாது கூறி விண்ணப்பிக்கலாம். பாடநூல்கள் 2008-ஆம் ஆண்டிலிருந்து, பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிடாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் இரவலாக இலவசமாய் வழங்கப்பட்டு வருகின்றன. பள்ளித் தொடக்கச் செலவுக்கென 150 ரிங்கிட் உதவித்தொகையை வருமான வரம்பின்றி எல்லா மாணவர்க்கும் வழங்கும் முறை 2023-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இப்பணம் சீருடைக்கும் காலணிக்கும் செலவாகட்டும்; வேறு வழியில் கரைந்துவிடலாகாது.

காலணி என்றதும் மற்றொன்றையும் கூற வேண்டும். ஈரமும் நிழலும் மிக்க தோட்டத்து மண்ணில் கொக்கிப் புழுவின் குஞ்சுகள் வாழ்கின்றன. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்து அவை உட்புகுந்து, குடலை அடைந்து, அங்கே இரத்தத்தை உறிஞ்சுகின்றன. நாளடைவில் பிள்ளை வெளிறிச் சோர்ந்து போகிறது. அதைச் சோம்பேறி என்று ஏசுவோர், அதன் வயிற்றில் இருக்கும் புழுவை அறிவதில்லை. வீட்டு வாசலிலும் செருப்பு, கழிவறையை மட்டுமே பயன்படுத்தல், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல், மருத்துவர் கூறும் காலத்தில் பூச்சி மருந்து ஆகிய நான்கும் சேர்ந்தால் இத்தொல்லை அகலும்.

கவிழ்த்து வைத்த மங்கு

டெங்கிக் காய்ச்சல் மலாயாவில் 1902-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் காணப்பட்டது. 1962-ஆம் ஆண்டில் அதே பினாங்கில் அதன் கடுமையான, இரத்தக்கசிவு வடிவம் தோன்றியது. இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரையே நாடுகிறது. அதிகாலையிலும் மாலையிலும், அதாவது பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வேளையிலும் விளையாடும் வேளையிலும், அது கடிக்கிறது.

மழைக்குப் பின் ஒரு நிரையில் நடந்து பாருங்கள். வெட்டாது விட்ட மரங்களில் நிமிர்ந்து தொங்கும் மங்கு ஒவ்வொன்றிலும் நீர் நிற்கும். ஒரு மங்கில் சிறிதளவு நீர் போதும். முட்டை ஏழு முதல் பத்து நாள்களில் பறக்கும் கொசுவாகிவிடும். வெட்டு நிறுத்திய மரங்களின் மங்குகளைக் கவிழ்த்து வைப்பது ஒரு நொடி வேலை. வீட்டைச் சுற்றியுள்ள பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூச்சட்டித் தட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை வாரத்திற்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்த்துவிட்டால் கொசுவின் வாழ்க்கைச் சக்கரம் அறுபடும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசுப் புழு வளர இடந்தருவது குற்றமும் ஆகும்.

பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் கடுங்காய்ச்சல் நீடித்தால் மருந்தகத்திற்கு அழைத்துச் செல்க. பாராசித்தமால் கொடுக்கலாம், ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது, அது இரத்தக்கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் இறங்கியதும் “பிள்ளைக்குக் குணமாகிவிட்டது” என்று எண்ணி வேலைக்குச் சென்றுவிடுவதே பலர் செய்யும் பெரும்பிழை. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்து மிக்க நாள். ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு, கை கால் குளிர்தல் இவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

கையொப்பம் ஒன்று

முதலாம் ஆண்டு மாணவர்க்குப் பள்ளிச் சுகாதாரக் குழுவினர் தடுப்பூசி போட வருகின்றனர். அதற்கு முன்னர் ஒப்புதல் படிவம் ஒன்று பிள்ளையின் பையில் வீடு வந்து சேர்கிறது. மலாய் மொழியில் இருக்கும் அத்தாள் படிக்கப்படாமலே பைக்குள் கசங்கிப்போவதும் உண்டு. கையொப்பமில்லையேல் ஊசியில்லை. குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. ஏழு வயதில் போடும் ஊசி அதனை மீண்டும் ஊக்குகிறது. இது தொண்டை அடைப்பானையும் இசிவு நோயையும் தடுக்கிறது. மறைந்துவிட்டதாகப் பலர் கருதிய தொண்டை அடைப்பான் 2016-ஆம் ஆண்டில் நம் நாட்டில் மீண்டும் தோன்றிச் சில பிள்ளைகளின் உயிரைக் கொண்டுசென்றது. ஊசியால் ஓரிரு நாள் கை வலிக்கலாம், இலேசான காய்ச்சலும் வரலாம். நோயோடு ஒப்பிடுகையில் இவை ஒன்றுமில்லை. ஆதலால், நாள்தோறும் மாலையில் பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள். படிக்க இயலாத தாளை ஆசிரியரிடமோ தோட்டக் கிராணியிடமோ காட்டிக் கேட்பதில் வெட்கம் வேண்டா.

கை, கால், வாய்ப் புண் நோய் கண்ட பிள்ளையை மருத்துவர் இசையும்வரை பள்ளிக்கு அனுப்பலாகாது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்று அனுப்பினால், ஒரு பிள்ளையின் நோய் வகுப்பு முழுவதற்கும் பரவும்.

புட்டியில் இருப்பது என்ன?

பெற்றோர் இல்லாத வீட்டில் தாகமெடுத்த பிள்ளை கண்ணில் பட்ட புட்டியைத் திறக்கும். பாலை உறையவைக்கும் அமிலத்தையோ களைக்கொல்லியையோ குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதைவிடக் கொடிய கவனக்குறைவு வேறில்லை. கொடிய நஞ்சாகிய பாராகுவாட் மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு ஏதேனும் வீட்டில் கிடந்தால், அதனை நிருவாகத்திடம் ஒப்படைத்துவிடுக. எந்த நஞ்சும் வீட்டுக்குள் வரலாகாது. தவறிப் பிள்ளை குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அமிலம் மேலேறி வரும்போது தொண்டையை மீண்டும் எரிக்கும். 999 என்னும் எண்ணை அழைத்து, அந்தப் புட்டியையும் உடன் கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அண்டை வீட்டார் துணை

மேற்கூறியவற்றை ஒரு குடும்பம் தனித்துச் செய்வது கடினம். ஒரு லயத்தார் கூடிச் செய்தல் எளிது. வேலை ஓய்வு பெற்ற தாத்தா ஒருவரோ பாட்டி ஒருவரோ காலை ஆறரை மணிக்கு வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணி, கூட்டமாக அழைத்துச் சென்று பேருந்து ஏற்றிவிடலாம். வேலைக்குச் செல்லாத தாய்மார் முறை வைத்துக்கொள்ளலாம். யார் பிள்ளை அன்று வரவில்லை, ஏன் வரவில்லை என்பதை அவர்களே முதலில் அறிவர்.

தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. ஒரு நாள் என்று தொடங்குவது ஒரு வாரமாகி, பிறகு அப்பிள்ளை பாடத்தில் பின்தங்கி, பள்ளியையே வெறுத்துவிடுகிறது. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக் காப்பகம் பற்றிய விதிகளையும் கொண்டுள்ளது. ஆயாக் கொட்டகை இல்லாத தோட்டத்தில், தொழிற்சங்கத் தலைவர் வாயிலாக நிருவாகத்திடம் அதனை எடுத்துரைக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்குத் தந்தையர் வருவது அரிதாய் இருக்கிறது. ஆண்டிற்கு ஓரிரு முறை வந்து அமர்ந்தால் பேருந்து நேரம், உணவு, ஊசி நாள் அனைத்தையும் அங்கேயே பேசித் தீர்க்கலாம்.

இன்றிரவு பிள்ளை உறங்கச் செல்லுமுன் பையைத் திறந்து பாருங்கள்; சீருடையை எடுத்து வையுங்கள்; காலையுணவை மூடி வையுங்கள்; நாளை யாரோடு நடந்து செல்ல வேண்டும் என்பதைச் சொல்லி வையுங்கள். பிறகு, பிரட்டு மணி ஒலிக்கும்போது நிம்மதியாகப் புறப்படலாம்.