கரிநெருப்பும் காலை உணவும்

எருசலேம் நகரில், சீயோன் மலையின் கிழக்குச் சரிவில், கூரையின் உச்சியில் பொன்னிறச் சேவல் ஒன்றைத் தாங்கிய ஆலயம் இருக்கின்றது. புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்று வந்த நம்மவர் பலர் அதன் முன் நின்று படம் எடுத்திருப்பர். சேவல் கூவிய இடத்துப் புனித பேதுரு ஆலயம் என்பது அதன் பெயரின் பொருள். இப்போதுள்ள கட்டடம் 1931ஆம் ஆண்டு நிறைவுபெற்றது. அரசன் ஒருவன் தோற்றோடிய இடத்தில் அவனுடைய குடிகள் நினைவுச்சின்னம் எழுப்புவதில்லை. திருச்சபையோ, தன் முதல் தலைவர் ஆண்டவரை மும்முறை மறுதலித்ததாக மரபு காட்டும் இடத்தில் கோவில் கட்டித் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றது.

அந்த மறுதலிப்பை நற்செய்தியாளர் நால்வருமே எழுதிவைத்துள்ளனர். நால்வரும் ஒருங்கே சொல்லும் நிகழ்ச்சிகள் அத்துணை அதிகமல்ல. ஆண்டவரின் பிறப்பைக்கூட இருவர்தாம் விவரிக்கின்றனர். மாற்கு, பேதுருவின் போதனையைக் கேட்டு எழுதியவர் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பப்பியா என்னும் ஆயர் குறிப்பிடுகின்றார். அவ்வாறாயின், தம் வெட்கத்தை ஊரறியச் சொன்னவர் பேதுருவேதான்.

மறையுரைகளில் அவரைக் கோழை என்று சொல்லிவிடுவது எளிது. அது நீதியன்று என்பதே என் எண்ணம். கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவியவர் அவர். ஏனையோர் ஓடிய பின்னரும் தலைமைக் குருவின் முற்றம்வரை பின்தொடர்ந்தவர் அவர். அன்பில்லாதவன் அந்த முற்றத்திற்குள் காலடி வைத்திருக்கமாட்டான். அன்பு இருந்தும், முயற்சி இருந்தும், அவர் தோற்றார். நம் இல்லங்களிலுள்ள தோல்விகளிற் பலவும் இத்தகையவையே. இரவு பகலாகப் படித்தும் உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை எட்டாத மகள்; பிள்ளைகளுக்காகவே கடன்பட்டு, வட்டிக்கு வட்டி கட்டி, இறுதியில் காணியையும் இழந்த தந்தை; வெளிநாடு செல்வதற்காக முகவரிடம் கொடுத்த பணத்தைப் பறிகொடுத்து வெறுங்கையோடு வீடு திரும்பிய மகன். இவர்களுள் எவரும் அன்பில்லாமையால் வீழ்ந்தவர் அல்லர்.

அதே இரவில் வீழ்ந்த மற்றொருவரும் உண்டு. யூதாசு தாம் செய்ததை எண்ணி வருந்தினார் என்று மத்தேயு தெளிவாகச் சொல்லுகின்றார் (மத் 27:3-5). முப்பது வெள்ளிக்காசுகளைத் திருப்பிக் கொடுத்தார். மாசற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாய்விட்டு அறிக்கையிட்டார். ஓர் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வேண்டிய அனைத்தும் அங்கே இருந்தன. கேட்பதற்கு ஆள்தான் இருக்கவில்லை. அவர் தேடிச் சென்ற தலைமைக் குருக்களோ, அது எங்களுக்குரிய காரியமன்று, நீரே பார்த்துக்கொள்ளும் என்று கைவிரித்தனர். அவர் காசுகளைக் கோவிலில் எறிந்துவிட்டுத் தனியே போனார்.

அன்பானவர்களே, அந்தப் பதிலை நாம் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் உறவினரின் தொலைபேசி அழைப்புகளில் அது ஒலிக்கின்றது. அன்றைக்கே சொன்னோமே என்று தொடங்கும் பேச்சுகளில் ஒலிக்கின்றது. ஒன்றும் பேசாமல் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து செல்வதிலும் அது உண்டு. தோற்றவர் ஏற்கெனவே தம்மைத் தாமே தண்டித்துக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை.

தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பத்தினர் இதை வாசிக்கக்கூடும். ஆதலால் ஒன்றைக் கூறவேண்டும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெளிந்த மனத்துடன் தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பில் அந்தத் தடை இடம்பெறவில்லை. கடும் மனவேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மீட்பளிக்க வல்லவர் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகின்றது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. யூதாசைக்கூடத் திருச்சபை ஒருபோதும் நரகத்துக்குரியவராக அறிவித்ததில்லை. பழைய கடுஞ்சொற்களை இன்னமும் நெஞ்சில் சுமக்கும் தாய்மார் இதை அறிந்திருக்கவேண்டும். இன்று வாழவே பிடிக்கவில்லை என்று எண்ணுகின்றவர், வீட்டில் ஒருவரிடமோ பங்குத்தந்தையிடமோ இன்றே சொல்லட்டும். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையும் இருக்கின்றது. மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு அன்று.

பேதுருவுக்குக் கிடைத்த பதில் வேறு. உயிர்ப்பு நாளன்று கல்லறையில் நின்ற பெண்களிடம், சீடரிடம் சொல்லுங்கள் என்பதோடு வானதூதர் நிறுத்தவில்லை. பேதுருவின் பெயரைத் தனித்துக் குறிப்பிட்டார் என்கிறார் மாற்கு (மாற் 16:7). சீடர் என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்தச் சொல்லுக்குள் தாம் அடக்கமில்லை என்று அவர் எண்ணியிருப்பார்.

அதன்பின் வருவது திபேரியக் கடற்கரை (யோவா 21). எழுவர் இரவு முழுவதும் வலை வீசினர்; ஒன்றும் அகப்படவில்லை. மன்னாரிலும் பாசையூரிலும் நீர்கொழும்பிலும் மீன்பாடின்றி விடியற்காலையில் கரை திரும்பியவர்களுக்கு அந்தப் படகின் மௌனத்தை விளக்கத் தேவையில்லை. கரையில் ஆண்டவர் கரிநெருப்பு மூட்டியிருந்தார். அதற்கு யோவான் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில் வருகின்றது. ஒன்று இங்கே. மற்றது, பேதுரு நின்று குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்த தலைமைக் குருவின் முற்றம் (யோவா 18:18). அந்தப் புகையின் மணம் மூக்கில் ஏறியபோது அவருக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வந்திருக்கும்! ஆண்டவர் அந்த நினைவைத் துடைத்துவிடவில்லை. அதே நெருப்பின் அருகில் அவரை மீண்டும் அமரச் செய்தார்.

கவனியுங்கள், முதலில் கேள்வி வரவில்லை. நெருப்பின்மேல் மீனும், உடன் அப்பமும் ஆயத்தமாக இருந்தன. அவர்கள் வலையில் 153 பெரிய மீன்கள் இருக்க, அவற்றிலும் சில கொண்டுவரச் சொன்னார். வெறுங்கையோடு வந்த விருந்தினராக அவர்களை இருக்கவிடவில்லை. உயிர்த்த ஆண்டவர், உலகை வென்றவர், சமையற்காரரைப் போலக் குனிந்து பரிமாறினார். இரவெல்லாம் உழைத்தவர்கள் உண்டு முடித்தனர். அதன் பின்னரே, பழைய பெயராகிய சீமோனைச் சொல்லி அழைத்து, என்னை அன்பு செய்கிறாயா என்று கேட்டார். ஏன் மறுதலித்தாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுருவுக்குத் துயரம் வந்தது. மூன்று என்ற எண்ணிக்கையின் காரணம் அவருக்கு விளங்காமலிருக்க வழியில்லை. எல்லாரும் ஓடினாலும் நான் ஓடேன் என்று முன்பு மார்தட்டியவர், இம்முறை ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று மட்டும் சொன்னார். அவரிடம் ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன.

அந்தக் கரையில், தப்கா என்னுமிடத்தில், கருங்கல்லாலான சிறிய ஆலயம் ஒன்றைப் பிரான்சிஸ்கன் சபையினர் 1933இல் கட்டினர். உள்ளே ஒரு பாறை அப்படியே விடப்பட்டிருக்கின்றது. கிறிஸ்துவின் மேசை என்று அதை அழைக்கின்றனர். திருப்பயணிகள் முழந்தாளிட்டு அதைத் தொட்டுச் செல்கின்றனர்.

சில வாரங்களில் பேதுரு மறுபடியும் எருசலேமில் இருந்தார். பணிப்பெண் ஒருத்தியின் கேள்விக்கு நடுங்கிய அதே நகரில், பெந்தகோஸ்து நாளன்று பதினொருவரோடு எழுந்து நின்று கூட்டத்தாரிடம் உரத்த குரலில் பேசினார். அன்று ஏறத்தாழ 3000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் (திப 2:41).