நட்டவர்கள் போனபிறகு யார் பார்ப்பது?

புதுச்சேரி நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட் வாங்கிப் பாரடைஸ் பீச்சுக்குப் போகிறவர்கள் அநேகமாக செல்பியில் மும்முரமாக இருப்பார்கள். கொஞ்சம் கரையைப் பாருங்கள். சேற்றில் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடைக்காததால் வேர் மேலே எழுந்து மூச்சுவிடுகிறது. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இந்த மரம் இலை வழியே வெளியேற்றிவிடுகிறது.

சங்கராபரணி ஆறு கடலுக்குப் போகும் வழியில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகிறது. அந்த உப்பங்கழிகளில்தான் வெண்கண்டல் போன்ற இந்த அலையாத்தி மரங்கள். ஊர்க்காரர்களுக்கு இவை இறால், நண்டுக் குஞ்சுகள் வளரும் இடம். ஆனால் அலையாத்தி என்றதுமே நமக்குத் தோன்றுவது, ஆளுக்கொரு கன்றோடு போட்டோ எடுப்பதுதான்.

தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு வேறு பாடம் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் காலம் தொட்டு முறைவைத்து மொட்டையடிக்கப்பட்ட இடங்களில் மரம் திரும்ப முளைக்கவில்லை. ஆடுமாடும் விறகுவெட்டும்தான் காரணம் என்று பழி ஊரார்மேல் விழுந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரநிழல் போனதும் வெயிலில் ஈரம் வற்றி, தரை தாழ்ந்து குழியாகிவிட்டது. உள்ளே வந்த ஓதத் தண்ணீர் வடிய வழியில்லை. தேங்கி வற்றி, மண்ணில் உப்பு ஏறிக்கொண்டே போனது. அங்கே எத்தனை கன்று நட்டாலும் வீண்.

தீர்வு மண்வெட்டியில் இருந்தது. நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள்: மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவிய பிறகே கன்று நட்டார்கள். வனத்துறையோடு சேர்ந்து வேலை பார்த்தவர்கள் சுற்றுவட்டார ஊர்மக்கள். வாய்க்கால் வெட்டியதோடு வேலை முடியவில்லை. வண்டல் சேரச் சேரத் தூர்வார வேண்டும். ஊரார் கைகொடுக்காமல் அது நடக்காது.

பள்ளி வளாகத்தில் வளர்க்கும் காட்டுக்கும் இதே கதைதான்: நட்டபின் பார்க்க ஆள் வேண்டும். மரக்காணம் பக்கம் நடுக்குப்பம் அரசுப் பள்ளியில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வன அமைப்பினர் மாணவர்களோடு சேர்ந்து நாட்டு மரமும் மூலிகையும் வளர்த்திருக்கிறார்கள். அங்கே அது ஒருநாள் விழா அல்ல. பாடத்தோடு சேர்ந்த வேலை.

மற்றபடி நாம் செய்வது என்ன? ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று, கத்திரி வெயில் முடிந்த சூட்டோடு குழி தோண்டுகிறோம். நம் கடற்கரைக்குப் பெருமழை வருவதோ அக்டோபருக்கு மேல். புன்னை, பூவரசு, நாவல் எதுவானாலும் ஐப்பசி மழையில் வேர் பிடித்தால்தான் பிழைக்கும். அப்படிப் பிழைத்த கன்றுக்கும் முதல் மே மாதம் பெரிய கண்டம்: பள்ளி பூட்டியிருக்கும், குடம் தூக்க ஆள் இருக்காது, வேலி சாய்ந்தால் ஆடு முடித்துவிடும்.

அடுத்த மரம் நடு விழாவுக்கு அழைப்பு வந்தால் போங்கள். போகுமுன் ஒன்று மட்டும் கேளுங்கள்: மே மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார்?