பரணுக்கும் ஒரு அளவு உண்டு!

லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கும் நம் நண்பருக்கு (பெயர் வேண்டாம் என்கிறார்) ரெண்டு பிள்ளைகள். கும்பகோணத்திலிருந்து அம்மாவும் வருவதாக இருந்தது. ரூம் பற்றவில்லை. வேறு வீடு வாங்கலாம் என்றால் விலை தலை சுற்றுகிறது. கையை நீட்டி விரிவுபடுத்த ஒரே ஒரு திசைதான் பாக்கி... மேலே!

அங்கே வீடுகளுக்கு மொட்டை மாடி கிடையாது. சரிவான ஓட்டுக் கூரை. அதன் அடியில் பழைய சூட்கேஸ் தூங்கும் இருட்டு இடத்துக்கு 'லாஃப்ட்' என்று பெயர். நம்மூர்ப் பரணுக்குப் பெரியண்ணன். கூரையைப் பின்பக்கம் தூக்கி, சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்தால் ஒரு பெட்ரூம் ரெடி. இந்தத் தூக்கலுக்கு 'டார்மர்' என்பார்கள்.

"கவுன்சில் பர்மிஷன் வேணாம் சார். அம்பதுக்குள்ள இருந்தா போதும்" என்றார் மேஸ்திரி.

வாஸ்தவம்தான். இங்கிலாந்தில் 2015-ல் வந்த ஆணைப்படி, கூரையில் கூடுதலாகச் சேர்க்கும் இடம் வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், தனி வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும் 50 கன மீட்டர் வரை இருந்தால் பிளானிங் அனுமதி கேட்க வேண்டாம். 50 கன மீட்டர் என்றால் 12,000 லிட்டர் லாரியில் நாலு லாரித் தண்ணீருக்கு மேல்!

நண்பர் டேப்பும் கையுமாக மாடி ஏறினார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

உள்ளேயா... வெளியேயா?

டார்மரைப் பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். அதனால் கணக்கு சுலபம். அகலம், உயரம், ஆழம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். பிளானை வைத்து உட்புற அளவைப் போட்டார் நண்பர். 5.6, 2.3, 3.2. விடை 20.6. ஒரே குஷி!

ஆனால் சட்டம் கேட்பது வெளிப்புற அளவு. சுவர்க் கனம், கூரைக் கனம் எல்லாம் சேர்த்தி. அப்படி அளந்தால் 6, 2.7, 3.6. விடை 29.16. குஷியில் எட்டரை கன மீட்டர் காலி.

அடுத்தது பக்கவாட்டுச் சரிவு. இரட்டை வீடுகளில் கூரை பக்கத்திலும் சரிந்து இறங்கும். அதை நேர்ச் சுவராக நிமிர்த்தினால்தான் மாடிப்படிக்குத் தலை இடிக்காமல் இடம் கிடைக்கும். இங்கே பெருக்கி ஆறால் வகுக்க வேண்டும். வீட்டின் முன்பின் நீளம் 8, கூரை உயரம் 3, சரிவின் கிடைநீளம் 4. பெருக்கினால் 96. ஆறால் வகுத்தால் 16.

மொத்தம் 45.16. "அப்பாடா!" என்றார் நண்பர்.

1948-ல் வைத்த வேட்டு

முன்பக்கக் கூரையில் சின்னதாக ஒரு டார்மர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பழைய ஓனர் முறைப்படி அனுமதி வாங்கிக் கட்டியது. "அது அவர் கணக்கு, இது என் கணக்கு" என்று நண்பர் நினைத்தார்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. வீடு முதலில் கட்டப்பட்டபோது கூரை எப்படி இருந்ததோ, அதிலிருந்துதான் எண்ண வேண்டும். ரொம்பப் பழைய வீடென்றால் 1948 ஜூலை 1-ல் இருந்தபடி. நமக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தேதி! அதன்பிறகு யார் சேர்த்திருந்தாலும், அனுமதி வாங்கியே சேர்த்திருந்தாலும், எல்லாம் ஒரே பற்று.

அந்தச் சின்ன டார்மர்: 2.5, 1.8, 2.4. பாதி போட்டால் 5.4. ஆகமொத்தம் 50.56!

மீறியது அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொட்டை மாடியில் வைக்கும் 500 லிட்டர் தொட்டியை விடச் சற்றுப் பெரிசு. 'இதையெல்லாமா பார்ப்பான்?' என்று விட்டுவிட முடியாது. விதி மீறிய கட்டடத்தை இடிக்கச் சொல்ல கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. முன்பு நாலு வருஷம் தாண்டினால் தப்பிக்கலாம். 2024 ஏப்ரல் 25-க்குப் பிறகு கட்டி முடித்ததற்கு அது பத்து வருஷம். வீட்டை விற்கப் போனாலும், வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பது பேப்பரைத்தான்.

நண்பர் டார்மர் அகலத்தில் 20 சென்டிமீட்டர் குறைத்தார். 5.8 ஆனது. மொத்தம் 49.59. ஒரு சாண் அளவு குறைத்ததில் சங்கடம் தீர்ந்தது.

கணக்கு மட்டும் போதாது

கன அளவு சரியாக வந்தாலும் வேறு நிபந்தனைகள் உண்டு. இருக்கிற கூரையின் உச்சியைத் தாண்டக் கூடாது. தெருவைப் பார்த்த முன்சரிவில் கை வைக்கக் கூடாது. டார்மர் கூரை விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பால்கனி கூடாது. பக்கச் சுவர் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி. பழைமை காக்கும் பகுதிகளிலும், ஃபிளாட்டுகளிலும் இந்தச் சலுகையே கிடையாது. படிக்கட்டு, தீ பாதுகாப்பு போன்ற கட்டுமான விதிகள் எப்படியும் தனி.

புத்திசாலிகள் வேலை தொடங்கும் முன்பே கவுன்சிலிடம் 'சட்டப்படி சரி' என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி விடுகிறார்கள். நண்பரும் வாங்கினார்.

அம்மா வந்தார். புது ரூமைச் சுற்றிப் பார்த்தார். கன மீட்டர் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிடா... பரண்ல என்னைப் படுக்க வெச்சுட்டே. சூட்கேஸையெல்லாம் எங்கே வைப்பே?"