தரங்கம்பாடியின் அமைதி

பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறியுள்ள நம்மிற் பலருக்கு, முதுமையில் ஒரு கடலோரச் சிற்றூரில் சென்று தங்கவேண்டும் என்னும் ஆசை உண்டு. அவ்வாசை எதனால் எழுகிறது என்பதைத் தரங்கம்பாடியைக் கொண்டு ஆராய்வோம்.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று, 1620-இல் டேனியர் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். பின்னர், புகைவண்டி வசதி பெற்ற நாகப்பட்டினத்திற்கு வாணிகம் பெயர்ந்தது. கப்பல்கள் வருவது நின்றது; ஊர் அமைதியுற்றது.

அங்குள்ள காற்றும் நம்மை ஈர்ப்பது. பகலில் கடலைவிட நிலம் விரைந்து சூடேறுகிறது. அதன்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, குளிர்ந்த கடற்காற்று உள்ளே வீசுகிறது. இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் காற்று கடலை நோக்கித் திரும்புகிறது. பாய் விரித்த காலத்து மீனவர் விடியுமுன் நிலக்காற்றோடு சென்று, கடற்காற்றோடு கரை சேர்ந்தனர். கடிகாரத்திற்கு அடங்கி வாழும் நமக்கு அவ்வாழ்வு இனிமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

எனினும், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அவ்வூரில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னும் மீனவர் கடலுக்குச் சென்றனர். அவர்களுக்கு வேறு வயல் இல்லை. ஆகவே, கரையோரம் மனை தேடும் நாம் ஒன்றை மறத்தலாகாது. நாம் உலாவ விரும்பும் மணல், அவர்கள் படகேற்றி வலை உலர்த்தும் களம். அதற்கு வேலியிடாமல் வாழ்வோமாயின், அவ்வூர் நம்மையும் ஏற்றுக்கொள்ளும்.