முதல் தையல் ஜாக்கெட்டாக இருக்க வேண்டாம்

வீட்டுக்குத் தையல் மெஷின் வாங்குபவர்கள் பலர் ஒரே கணக்கோடுதான் வாங்குகிறார்கள்: ஜாக்கெட்டுக்குக் கொடுக்கும் தையற்கூலி மிச்சமாகும். கணக்கில் தவறில்லை. ஆனால் எதை முதலில் கற்பது என்பதையும் அந்தக் கணக்கே தீர்மானித்துவிடுகிறது. சேலையோடு வந்த பிட்டை விரித்து, அளவு ஜாக்கெட்டை மேலே வைத்து வெட்டித் தைத்துவிடுகிறார்கள். போட்டுப் பார்த்தால் அக்குள் பிடிக்கிறது, கழுத்து ஒரு பக்கம் இறங்குகிறது, ஹூக் பட்டி எட்டவில்லை. துணியும் வீணாகி, மனமும் விட்டுப்போகிறது. தனக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டி மெஷினைப் போர்த்தி வைத்துவிடுபவர்கள் ஏராளம். அவர்களுடைய கையைக் குறை சொல்ல எதுவுமில்லை. தையல் வேலைகளிலேயே கடினமான ஒன்றை முதல் நாளே எடுத்துக்கொண்டார்கள். தொடங்குகிறவர் முதலில் தைக்க வேண்டியது துணிப்பை.

ஜாக்கெட் ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். இரண்டு பக்கத் தையலும் கால் அங்குலம் உள்ளே தள்ளி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் முன் துணியில் கால், பின் துணியில் கால் என அரை அங்குலம் போகிறது; மொத்தச் சுற்றளவில் ஒரு அங்குலம் குறைந்துவிடுகிறது. உடம்பை ஒட்டி நிற்கும் உடையில் ஒரு அங்குலம் என்பது ஹூக் போட முடியுமா முடியாதா என்ற வித்தியாசம். இத்தனைக்கும் அது நேர்த்தையல். கை இணைப்பில் உட்புறம் குழிந்த வளைவும் வெளிப்புறம் புடைத்த வளைவும் சுருக்கமில்லாமல் சேர வேண்டும். தட்டையான துணியை மார்பின் வளைவுக்கு ஏற்ப எழுப்ப டாட் பிடிக்க வேண்டும். கிராஸ் கட்டிங் என்றால் துணி சாய்வாக இருப்பதால் தைக்கும்போதே இழுபடும். இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பழக வேண்டிய வித்தை. எல்லாம் ஒரே துணியில் வந்து மோதும்போது எது பிசகியது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. பிழை தெரியாத இடத்தில் கற்றல் நடக்காது.

பையில் அரை அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் காய்கறி விழுந்துவிடாது. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் அந்தப் பண்புதான் தொடங்குகிறவருக்குத் தேவை. அதற்காகப் பையில் கற்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நேர்க்கோடு, வாய்ப்பகுதியில் இரட்டை மடிப்பு, மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கியபடியே பிரஷர் ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்புவது, கைப்பிடி பிய்ந்துவராதபடி சதுரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் தைப்பது என வரிசையாக வரும். அடிப்பக்க மூலைகளை முக்கோணமாகப் பிடித்துக் குறுக்கே ஒரு தையல் போட்டால் தட்டைப் பைக்கு அகலமான அடி கிடைக்கிறது. இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தட்டைத் துணி கனபரிமாணம் பெறுவதை இங்கே கைதானே உணர்ந்துகொள்கிறது. டாட் செய்வதும் இதையேதான். மெஷினின் குணமும் இங்கேதான் பிடிபடும். 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெஷினிலிருந்து இன்றுவரை மேல் நூலும் அடி நூலும் துணியின் நடுவில் கோத்துக்கொள்வதுதான் அடிப்படை. அடிப்பக்கம் நூல் சுருள்சுருளாக நின்றால் புதியவர்கள் பாபினைக் கழற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும் மேலே இருக்கும்: மேல் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கிவைத்து நூலைக் கோத்தால் தட்டுகள் விலகி இடம் கொடுக்கும். துணிக்கு, பழைய பருத்தி வேட்டியும் படுக்கை விரிப்பும் போதும். பலமுறை துவைத்தவை என்பதால் இனிச் சுருங்காது, சாயம் போகாது. வெட்டக் கையும் கூசாது. இழுபடும் பனியன் துணியும் வழுக்கும் ஜார்ஜெட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

கடையில் குறைந்த விலைக்குப் பை கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும் என்பார்கள். பழைய துணிக்கு விலை இல்லை என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமானது, பை நாள்தோறும் பயன்படும் பொருள். சுமை ஏறும்போது எந்த இடத்தில் தையல் விடுகிறதோ அங்கே நம் பலவீனம் தெரிந்துவிடும். தேவைக்கும் பஞ்சமில்லை: தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. நேர்த்தையல் சலிப்பூட்டும் என்பது இன்னொரு ஆட்சேபம். வங்காளத்தின் காந்தா விரிப்புகள் அதற்குப் பதில் சொல்கின்றன. பழைய சேலைகளை அடுக்கி, கைத்தையலிலேயே எளிதான ஓட்டுத் தையலை வைத்து அங்குள்ள பெண்கள் ஒரு பெருங்கலையை உண்டாக்கினார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள், பழந்துணித் துண்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே போய்ப் போர்வை ஆக்குகிறார்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் கோடு எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே பூவேலை செய்கிறார்கள். மெஷின் இல்லாதவரும் ஊசி நூலோடு தொடங்கலாம் என்பதற்கும் இவையே சான்று.

ஜாக்கெட் தைப்பதை முழுவதும் காட்டும் வீடியோக்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். வெட்டும் கோடுகளை அவை நன்றாகவே காட்டுகின்றன. மிதிக்கும் காலின் வேகமும் துணியை இழுக்காமல் மெஷினின் பல் நகர்த்தும் போக்கில் விடும் கையின் பிடியும் கண்ணால் பார்த்து வருபவை அல்ல. திரையில் தைப்பவருடைய அளவும் நம் அளவு அல்ல. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்றுண்டு: தையல் என்றாலே பெண்பிள்ளைகள் தலையில் கட்டப்படும் வேலை, அதை ஏன் மறுபடியும் புகழ வேண்டும்? நியாயமான கோபம். கடைத்தெருவில் கூலிக்குத் தைக்கும்போது அது ஆணின் தொழிலாகவும், வீட்டில் கூலியின்றிச் செய்யும்போது பெண்ணின் கடமையாகவும் இருந்துவந்திருக்கிறது. தையலைக் கைவிடுவதால் அது சரியாகாது. பை தைப்பதைச் சிறுவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அறுந்த பட்டனைத் தைக்க அம்மாவைத் தேடும் பழக்கம் அங்கேதான் விடும்.

பைக்குப் பிறகு தலையணை உறை, அதற்குப் பிறகு ஆறு பீஸ் உள்பாவாடை. பாவாடையில்தான் நேர் ஓரமும் சாய்ந்த ஓரமும் சேரும்போது துணி எப்படி இழுபடுகிறது என்பது முதன்முதலாகத் தெரியவரும். நாடா பட்டி தைக்கையில் இடுப்பளவின் அருமை புரியும். அதன்பின் ஜாக்கெட்டுக்கு வரலாம். அப்போதும் நல்ல பிட்டில் கத்தரி வைக்கக் கூடாது. பழைய வேட்டித் துணியில் வெட்டி, பெரிய பெரிய தையலாகக் கையால் ஓட்டி, உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அங்கே பிரித்துவிட்டு, எங்கே தொளதொளக்கிறதோ அங்கே குண்டூசி குத்திக் குறித்துக்கொண்டு, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்து நல்ல துணியை வெட்டலாம். பக்கங்களில் ஒரு அங்குலம் உள்மடிப்பு விட வேண்டும். தேர்ந்த தையற்காரர்களும் அதை விடாமல் தைப்பதில்லை.