மருந்தின் மறுபக்கம் – 17: பெயருக்குப் பின்னால் ஒரு ‘டி’

காலை ஏழரை மணிக்கு எங்கள் தெரு மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். “அண்ணே, கேஸ் மாத்திரை ஒரு அட்டை. அந்த ‘டி’ போட்டது!” என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். சீட்டு இருக்காது. கடைக்காரரும் கேட்கமாட்டார். அந்தக் கேப்ஸ்யூலில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அதன் முதலெழுத்துதான் ‘டி’. டாம்பெரிடோன்: இரைப்பையில் இருப்பதைக் கீழ்நோக்கித் தள்ளிவிடும் மருந்து.

இப்படித் தள்ளிவிட வேண்டிய நிலையில் நிஜமாகவே சிலர் இருக்கிறார்கள். என் பெரியம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷச் சர்க்கரை. ஒருநாள் விடியற்காலையில் வாந்தி எடுத்தார். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட கொத்தவரங்காய், நறுக்கிய துண்டு நறுக்கியபடியே வந்து விழுந்தது.

இரைப்பை நிமிஷத்துக்கு மூன்று தடவை இறுகிப் பிசைகிற உரல். சோற்றையும் காயையும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நைத்த பிறகே கீழ்வாசல் வழியாக விடும். அந்த வேலையை நடத்தும் வேகஸ் நரம்பைச் சர்க்கரை நோய் வருஷக்கணக்கில் அரித்துவிட்டால் உரல் ஓய்ந்துபோகிறது. இன்சுலின் போட்டவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. ஊசி நேரத்துக்கு வேலை செய்துவிடும். சோறு வந்து சேர்ந்திருக்காது. சாப்பிட்ட பிறகும் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக்கொட்டும். பிறகு நடுநிசியில் எகிறும்.

பெரியம்மாவுக்கு எடுத்த எண்டோஸ்கோப்பியில் அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தது. அடுத்து ஸ்கேன். துளி கதிரியக்கப் பொருள் கலந்த முட்டையும் ரொட்டியும் கொடுத்து வயிற்றைப் படமெடுப்பார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ளேயே கிடந்தால் தாமதம் உறுதி.

மருந்து என்று வரும்போதுதான் கதை சிக்கலாகிறது. அமெரிக்காவில், இரைப்பை ஓய்ந்துபோகும் இந்த நோய்க்கென்றே அனுமதி பெற்றது மெட்டோகுளோபிரமைடு ஒன்றுதான். இரைப்பைக்குக் கடிவாளம் போடும் டோபமைனை அது தடுக்கிறது, குமட்டலும் அடங்குகிறது. ஆனால் மூளைக்குள்ளும் புகுந்துவிடும். நாள்பட எடுத்தவர்கள் சிலருக்கு உதடும் நாக்கும் தாமாக அசைய ஆரம்பித்து, மருந்தை நிறுத்திய பிறகும் நிற்பதில்லை. 12 வாரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 2009-இல் அங்கே கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்தார்கள்.

டாம்பெரிடோன் அதே வேலையைச் செய்தாலும் மூளைக்குள் அதிகம் நுழையாது. அதனால்தான் அதற்கு நல்ல பிள்ளை என்று பெயர். அது கைவைப்பது இதயத் துடிப்பின் தாளத்தில். 2014-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம், குமட்டல் வாந்திக்கு மட்டும், வேளைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, ஒரு வாரம் போதும் என்று வரையறுத்தது. நம் ஊர் ‘டி’ கேப்ஸ்யூல்கள் பலவற்றில் 30 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது அந்த ஒருநாள் உச்ச அளவு, ஒரே விழுங்கில். அதையே வருஷக்கணக்கில் காபிக்கு முன்னால் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதயத் தாளத்தைக் கெடுத்துத்தான் சிசாப்ரைடும் போய்ச் சேர்ந்தது. இரைப்பையைத் தூண்டுவதற்காகத் தொண்ணூறுகளில் கொண்டாடிய மருந்து. மரணங்கள் பதிவானதால் 2000-இல் அமெரிக்கக் கடைகளை விட்டுப் போனது. இங்கே தடை வர 2011 ஆயிற்று.

எரித்ரோமைசின் கதை வேறு. அது கிருமிக்கொல்லி, விழுங்கினால் வயிற்றைப் பிசையும் என்று நோயாளிகள் நெடுங்காலமாகப் புலம்பிவந்தார்கள். பட்டினி நேரத்தில் குடலைக் கூட்டிப் பெருக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோனைப் போலவே அது நடிக்கிறது என்பதுதான் காரணம். 1990-இல் பெல்ஜிய மருத்துவர்கள் அந்தப் புலம்பலையே வைத்தியமாக்கினார்கள். என்ன, சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும். டாம்பெரிடோனோடு சேர்த்துக் கொடுக்கவும் கூடாது.

பெரியம்மாவின் டாக்டர் முதலில் ஈசிஜி எடுத்தார். மூன்று வாரத்துக்கு மட்டும் மாத்திரை எழுதினார். ஊசி நேரத்தை மாற்றினார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாக உடைத்து, நாரும் எண்ணெயும் குறைத்து மசித்துச் சாப்பிடச் சொன்னார். இப்போது வாந்தி இல்லை. குழைந்த ரசம் சாதத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்றுகூட போனில், “ஒரே ஒரு நாள் கொத்தவரங்காய் பருப்பு உசிலி பண்ணட்டுமாடா?” என்றார்.

(தொடரும்)