பழைய படத்தின் வேகத்தில் கை வைக்கலாமா?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. "மாடர்ன் தியேட்டர்ஸ்" ஸ்டூடியோவின் முகப்பு அது. ஸ்டூடியோ இன்று இல்லை. வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் நடத்திய ஸ்டூடியோ அது. நூற்றுக்கும் அதிகமான படங்கள் அங்கே பிறந்தன. எம்.ஜி.ஆர். நடித்த "மந்திரிகுமாரி" (1950), "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) ஆகியவை அவற்றில் புகழ் பெற்றவை.

அந்தக் காலத்துப் படங்களை இப்போது வீட்டிலேயே பார்க்கலாம். பார்ப்பது மட்டுமா? கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ரசிகர் அவற்றை வெட்டலாம், ஒட்டலாம். மெதுவாக நடந்து வரும் கதாநாயகனை விரட்டலாம். பாய்ந்து வரும் குதிரையை மிதக்க விடலாம்.

செய்ய முடியும். செய்யலாமா?

விந்தை

சினிமா என்பது அசையாத படங்களின் வரிசை. ஒரு வினாடிக்கு 24 படங்கள் திரையில் ஓடுகின்றன. காமிராவும் அதே கணக்கில் படம் பிடித்தால், நடை இயல்பாக இருக்கும்.

காமிராவை வேகமாக ஓட்டி வினாடிக்கு 48 படங்கள் பிடித்தால்? அவை திரையில் ஓட 2 வினாடி ஆகும். அதுதான் "ஸ்லோ மோஷன்". காமிரா வேகமாக ஓடினால் ஆள் மெதுவாக நடக்கிறார்!

பாட்டுக் காட்சி என்றால் இன்னும் வேடிக்கை. படப்பிடிப்பின்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்க விடுவார்கள். நடிகை அந்த அவசரத்துக்கு வாயசைக்க வேண்டும். திரையில் வாய் பாட்டோடு பொருந்திவிடும். கூந்தலும் சேலையும் மட்டும் மெல்ல மிதக்கும்.

அத்தனை பாடுபட்டு எடுத்ததை ரசிகர் இயல்பான வேகத்துக்கு மாற்றினால், ஒன்று விட்டு ஒரு படம் போய்விடுகிறது. சாதாரணக் காட்சியை மெதுவாக்கினால், கம்ப்யூட்டர் தானே புதுப் படங்களை உண்டாக்கி இடையில் செருகுகிறது. நடிகர் செய்யாத அசைவு அது!

"பாட்ஷா" (1995) படத்தில் ரஜினிகாந்தின் நடையை வேகமாக்கிப் பாருங்கள். பஸ்சைப் பிடிக்க ஓடுகிறவர் போல இருக்கும்.

"மந்திரிகுமாரி"யில் கணவன் மனைவியைக் கொல்லப் பாட்டுப் பாடி மலைக்கு அழைத்துப் போகிறான். அது ஸ்லோ மோஷன் அல்ல. ஆனாலும் அந்த மலையேற்றத்தின் நிதானம்தான் பார்ப்பவர் நெஞ்சைப் பதற வைக்கிறது. அவசரப்படுத்தினால் பதற்றமும் போய்விடும்.

குறை வேறு, விருப்பம் வேறு

வேகத்தைத் திருத்தவே கூடாதா? அப்படியும் இல்லை.

ஊமைப்பட காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 24 படங்கள் கிடைப்பது அரிது. அதனால் இன்றைய திரையில் அந்த மனிதர்கள் தத்தித் தத்தி ஓடுகிறார்கள். முதல் உலகப்போரில் எடுத்த அத்தகைய படச்சுருள்களை, பீட்டர் ஜாக்சன் என்ற டைரக்டர் 2018-ல் சரியான வேகத்துக்குக் கொண்டுவந்தார். போர்வீரர்கள் மனிதர்களைப் போல நடந்தார்கள்!

அங்கே திருத்தப்பட்டது கருவியின் குறை. ஸ்லோ மோஷன் குறை அல்ல. எடுத்தவர் விரும்பிச் செய்தது.

அம்பிகாபதி பிழைத்தான்

2025 ஆகஸ்டில் ஒரு பரபரப்பு ஏற்பட்டது. தனுஷ் நடித்த "அம்பிகாபதி" (2013) மீண்டும் தியேட்டருக்கு வந்தது. மூலப்படத்தில் கதாநாயகன் இறந்துவிடுவான். புதிய பிரதியில் செயற்கை நுண்ணறிவு அவனைப் பிழைக்க வைத்துவிட்டது! டைரக்டர் ஆனந்த் எல்.ராய் எதிர்ப்புத் தெரிவித்தார். படத்தின் ஆன்மாவே பறிபோய்விட்டது என்று தனுஷ் வருந்தினார்.

அதைச் செய்தது ரசிகர் அல்ல; படத்தின் உரிமை பெற்ற நிறுவனம். அதோடு ஒப்பிட்டால், ரசிகர் வீட்டில் செய்வது விளையாட்டு. ஆனால் எது அசல், எது ரசிகர் மாற்றியது என்று தெரியாமல் போனால், விளையாட்டு வினையாகும்.

மலையாளத்தின் முதல் பேசும்படம் "பாலன்" (1938). அதைத் தயாரித்ததும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ்தான். இன்று அதன் பிரதி கிடைக்கவில்லை. யாரோ மாற்றிய ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருந்தால், அதுவே "பாலன்" என்று பேரப்பிள்ளைகள் நம்பியிருப்பார்கள்.

ஆகவே வேகத்தை மாற்றும் ரசிகர் அசலை அழிக்காமல் வைக்கட்டும். படம் தணிக்கைச் சான்றிதழோடுதான் தொடங்குகிறது. அதன் பின்னால், "இது ரசிகர் மாற்றியது" என்று ஓர் அட்டை போடட்டும். அதற்கு 5 வினாடி போதும்.